இரண்டு பக்கமும் போடும் தொப்பி

அந்த வருஷம் முழுக்கப் பரிமளாவுக்குத் தூக்கம் கண்ணிலேயே நின்றது. உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவாள். சாய்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கூப்பிடுவது சசிகலாவாக இருக்கும்.

சசிகலா, பரிமளாவின் புருஷன் கமலக்கண்ணனுக்கு அக்கா. வெம்பாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மார்பில் கட்டி என்று தெரிந்ததும், வேலூரில் வைத்தியம் என்று முடிவாயிற்று. வெம்பாக்கத்திலிருந்து வேலூருக்கு அலைவது நோயாளி உடம்புக்கு ஆகாது. அவள் வீட்டுக்காரர் எல்லப்பனுக்கோ மூட்டுவலி. மாடுகளையும், வேர்க்கடலை போட்டிருக்கிற மல்லாட்டைக் கொல்லையையும் விட்டு நகர வழியில்லை. எனவே ஆரணியில் தம்பி வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

தம்பி வீடு என்று பெயர்தானே ஒழிய, பார்த்துக்கொண்டது தம்பி பெண்டாட்டிதான். பட்டு நெய்கிற கமலக்கண்ணன் தறிக்குழியில் காலை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவான். அக்காவின் முகத்தை நேராகப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. மருந்து, கஞ்சி, வாந்தி எடுத்த பாத்திரம், துவைக்கிற துணி எல்லாம் பரிமளா தலையில் விழுந்தது. இதற்கு நடுவில் அவனுக்கு, தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் சுற்றிக் கொடுக்கிற வேலையும் நிற்கவில்லை. ஒரு கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே அவள் கண் மூடியதும் உண்டு.

சசிகலா சாதாரண நாளிலேயே லேசில் திருப்திப்படுகிறவள் இல்லை. பரிமளா கல்யாணமாகி வந்த புதிதில், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, கைதான் மந்தம்" என்று பந்தி நடுவில் சொன்னவள். உடம்புக்கு முடியாமல் போன பிறகு அந்த நாக்குக்கு ஓய்வு வந்துவிடும் என்று பரிமளா நினைத்தாள். வரவில்லை. கஞ்சி சூடாக இருந்தது, ஆறிப்போனது, உப்பு தூக்கல், உப்பே இல்லை என்று வேளைக்கு ஒரு குறை. பதில் சொல்லச் சக்தி இல்லாததால் பரிமளா மாற்றி எடுத்துவந்து கொடுத்தாள்.

மருந்து ஏற ஆரம்பித்ததும் முடி கொட்டியது. சசிகலாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை. அது கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்த காலையில், அவள் யாரையும் திட்டவில்லை. "நாவிதர வரச் சொல்லு" என்றாள். அதன் பிறகு அறையை விட்டு வெளியே வருவது நின்றுபோயிற்று. முந்தானையைப் போர்த்தினால் நழுவியது. சவுரி முடித் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அரிக்கிறது என்று கழற்றி மூலையில் எறிந்தாள். தெருவில் யாராவது பார்க்க வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் கூட்டம் பாதி தமிழ் பேசாது. வங்காளத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து, அறை எடுத்துத் தங்கி, மாசக் கணக்கில் வைத்தியம் பார்க்கிறவர்கள். அப்படி ஒரு வங்காளத்து அம்மாள், காத்திருக்கிற கூடத்தில் எப்போதும் அதே தூண் பக்கம் உட்கார்ந்திருப்பாள். புருஷனுக்கு நோய். மற்றவர்கள் அவளை 'தீதி' என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தமாம். பரிமளாவும் அப்படியே கூப்பிட்டாள். தீதியின் கை சும்மா இருக்காது. வளைகிற கம்பியால் இணைத்த இரண்டு ஊசிகளில் எதையாவது பின்னிக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அவள் பின்னிக்கொண்டிருந்தது தொப்பி. வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் வெள்ளை. நூலோடு சின்னச் சின்ன மணிகள் கோத்திருந்தாள், அசைகிறபோது அவை மினுங்கின. சசிகலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீதி சிரித்துக்கொண்டே தொப்பியை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினாள். இப்போது வெளியே வெள்ளை, உள்ளே நீலம். எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

"பரிமளா, அதுமாதிரி எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள் சசிகலா.

"கடையில கேட்டுப் பாக்கலாம், அண்ணி."

"கடையில இன்னாத்த கேக்கறது? நீ கத்துக்க. சும்மாதான குந்திகினு இருக்கற."

சும்மா! பரிமளாவுக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் முடி போன நாளிலிருந்து அண்ணி வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. எழுந்து தூண் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

தீதிக்குத் தமிழ் தெரியாது, பரிமளாவுக்கு வங்காளம் தெரியாது. கை பேசியது. ஊசியில் ஒரு கண்ணி முன்பக்கத்துக்கு, அடுத்த கண்ணி பின்பக்கத்துக்கு. முன்கண்ணிக்கு ஒரு நிறம், பின்கண்ணிக்கு இன்னொரு நிறம். இரண்டு நூலையும் சேர்த்தே முன்னால் கொண்டுவர வேண்டும், சேர்த்தே பின்னால் தள்ள வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே ஊசியில் முதுகோடு முதுகாக இரண்டு துணி வளரும். பரிமளா நூலோடு பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் விரல் முரண்டு பிடித்தது. தீதி அலுக்காமல் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். நடுவில் அவள் புருஷனைக் கூப்பிட்டார்கள். பின்னலைப் பரிமளாவின் மடியில் போட்டுவிட்டுத் தீதி ஓடினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. விட்ட இடத்திலிருந்து காட்ட ஆரம்பித்தாள்.

ஊசி வேலூரிலேயே கிடைத்தது. நூலுக்கு ஆரணியில் ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் வாங்கினாள். சசிகலா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "சாக்கு மாதிரி இருக்குது. இத தலையில வெச்சா புண்ணாயிடும்."

பரிமளா பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். தலைவிதி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டிருப்பாள். ஆனால் மறுநாள் மத்தியானம் தறிச் சத்தம் நின்று, ராட்டைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், கமலக்கண்ணன் நெய்து மிஞ்சிய ஊடைப் பட்டு நூலை நிறம் பிரித்து, பல இழை சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தான். அரக்கில் ஒரு கண்டு, கடுகு மஞ்சளில் ஒரு கண்டு. அவள் கையில் வைத்துவிட்டு, "இது குத்தாது" என்றான். மறுபடி தறியில் இறங்கிவிட்டான். அந்த வீட்டில் அக்காவுக்காக அவன் செய்த முதல் காரியம் அது. பரிமளாவுக்கு அழுகை வந்தது. அழக்கூட நேரமில்லை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

பொன் நிறப் பாசிமணிகளை மெல்லிய ஊசியால் இரண்டு நூலிலும் கோத்து வைத்துக்கொண்டாள். வேண்டிய இடத்தில் ஒரு மணியைக் கண்ணியோரம் தள்ளிப் பின்ன வேண்டும். குக்கர் விசிலுக்கும் மாத்திரை நேரத்துக்கும் நடுவில், பஸ்ஸில், கூடத்தில், கிடைத்த இடத்தில் பின்னினாள். பட்டு வழுக்கியது. கண் சொருகுகிற நேரத்தில் நூலை மாற்றிப் பிடித்துவிடுவாள். இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் திறக்காது. அந்த வரிசை முழுக்கப் பிரிப்பாள். பிரிக்கிறபோது பின்னுகிறதைவிடக் கை வலிக்கும்.

"இன்னும் முடியலியா? என் முடியே மொளச்சிடும் போலக்கீதே" என்பாள் சசிகலா.

ஓரத்தில் ஆரம்பித்து உச்சிவரை வந்துவிட்டது. இனி முடிச்சுப் போட்டு அடைக்க வேண்டியதுதான். அளவு பார்க்க சசிகலாவின் தலையில் மாட்டிவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. கண்ணாடியில் பார்த்து சசிகலா கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தாள். பிறகு முகம் சுருங்கியது.

"உள்ள மணி குத்துது."

பரிமளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பக்கமும் மணி என்றால் ஒரு பக்கத்து மணி தலையில்தான் அழுந்தும். இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாளும் தோன்றவில்லையே! பச்சைக் குழந்தையின் தலைபோல் மெலிந்து கிடக்கிற தோலில் மணி பட்டால் குத்தாமல் என்ன செய்யும்? வாங்கிப் பிரிக்கலாம் என்று கையை நீட்டினாள்.

சசிகலா தரவில்லை. தொப்பி கண்ணை மறைத்ததால் ஓரத்தை மேலே மடித்துவிட்டிருந்தாள். தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இரு இரு. மடிச்ச எடத்துல குத்தல. மேலதான் குத்துது" என்றாள்.

பரிமளா எழுந்து வந்து பார்த்தாள். உண்மைதான். மடித்த ஓரத்தின் ஒரு பக்கம் வெளியே தெரிகிறது, மறுபக்கம் தொப்பியின் மேலேயே படிகிறது. எதுவும் தலையைத் தொடவில்லை. திருப்பிப் போட்டாலும் அப்படித்தான். மடிப்புக்கு மட்டும் மணி போதும். அதற்கு மேலே வெறும் பட்டு. ஓரத்திலிருந்து பின்னியதால் மடிப்புவரை பிரித்தால் போதும்.

"மடிப்ப விட்டுட்டு மேல மட்டும் பிரிச்சிப் பின்னு" என்றாள் சசிகலா, தானே பின்னியதுபோல.

பிரித்து, மணிகளை உருவிவிட்டு, மறுபடி பின்னி முடித்தாள். அரக்குத் தொப்பிக்கு மஞ்சள் மடிப்பு. திருப்பினால் மஞ்சள் தொப்பிக்கு அரக்கு மடிப்பு. சசிகலா அதைப் போட்டுக்கொண்டு முதன்முறையாகத் தறி அறைக்குப் போய் நின்றாள். கமலக்கண்ணன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். "நல்லாக்கீதுக்கா" என்றான். தெரு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்களிடம் கழற்றித் திருப்பிக் காட்டினாள். "என் தம்பி பட்டு" என்றாள். பரிமளாவின் பெயர் அந்தப் பேச்சில் வரவில்லை. பரிமளா உள்ளே துணி அலசிக்கொண்டு அதைக் கேட்டாள்.

தொப்பியைத் தீதியிடம் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அடுத்த தடவை போனபோது தூண் பக்கம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தீதி எங்கே என்று சைகையில் கேட்டதற்கு, ஊருக்குப் போய்விட்டதாகக் கை காட்டினார்கள். புருஷனோடு போனாளா, தனியாகப் போனாளா என்று கேட்க, பரிமளாவுக்கு மொழியும் இல்லை, துணிச்சலும் இல்லை.

கடைசி மருந்து ஏறி, டாக்டர் இனி மூன்று மாசத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொன்ன நாள் அது. பரிமளா மாத்திரை வாங்கும் வரிசையில் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். சசிகலா முந்தானையைத் தலையில் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தொப்பி எங்க, அண்ணி?"

"குடுத்துட்டேன்."

"குடுத்துட்டீங்களா? யாருக்கு?"

"சந்தவாசல் ஊருப் பொண்ணு ஒண்ணு. சின்ன வயசு. முடியெல்லாம் போயிடும்னு இப்பத்தான் சொல்லிருக்காங்க. இங்க குந்தி அழுதுகினு இருந்துச்சு."

பரிமளா மாத்திரைப் பையை அண்ணியின் மடியில் வைத்தாள். கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினாள். தான் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் தானாகவே வாய் திறந்துகொண்டது.

"என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா, அண்ணி? பிரிச்சிப் பிரிச்சிப் பின்னினேன். வெரல் மடங்கல, இன்னும் மடங்கல. பாருங்க. தூங்கி எத்தினி நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? கஞ்சி ஆறிப்போச்சுன்னு சொன்னீங்க, மாத்தினேன். சும்மா குந்தியிருக்கன்னு சொன்னீங்க, கேட்டுகினேன். ஊருக்கெல்லாம் தம்பி பட்டுன்னீங்க, அதையும் கேட்டுகினேன். பேஜாராப்போச்சு எனக்கு. என்னால முடியல."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பரிமளாவுக்கு வெட்கமாகக்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும். இப்போது வரும், பதிலுக்குப் பதில் வரும் என்று காத்திருந்தாள்.

சசிகலா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "உன்னக் கேட்டிருக்கணும்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "அது அழுதப்போ, நான் முடி போன அன்னிக்கி அழுத மாதிரியே இருந்துச்சு. நீ பாக்கல, நான் அழுதேன். கையில இருந்தத எடுத்துக் குடுத்துட்டேன். உன் கைவேலன்னு அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு. போயித் திருப்பிக் கேக்க முடியுமா?"

பரிமளா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கோபம் தீரவில்லை. ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கவும் பலமில்லை. கண்ணமங்கலம் வருவதற்கு முன்பே தலை சாய்ந்துவிட்டது. பஸ் குலுங்கியபோது ஒருமுறை அரைக்கண் திறந்தாள். தன் தலை அண்ணியின் தோளில் இருந்தது. முன் கம்பியில் நெற்றி இடித்துவிடாமல் சசிகலா தன் கையைக் குறுக்கே வைத்திருந்தாள். மருந்து ஊசி குத்திக் கறுத்துப்போன கை. முந்தானை நழுவி மொட்டைத் தலை வெளியே தெரிந்தது. ஒரு கையில் மாத்திரைப் பையும் மறு கையில் பரிமளாவுமாக இருந்ததால், அதை இழுத்துவிட அவளுக்குக் கை இல்லை. பரிமளா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆடி கழிந்து எல்லப்பன் வந்து சசிகலாவை அழைத்துப்போனார். முடி சுருட்டையாக, முக்கால்வாசி வெள்ளையாக முளைத்திருந்தது. இப்போதும் அவள் போன் செய்வாள். "சாப்டியா? தூங்கினியா?" என்று கேட்பாள். பரிமளா ஆச்சு என்பாள். இன்னொரு தொப்பி பின்னித் தரச் சொல்லி இதுவரை அவள் கேட்கவில்லை. கேட்டால் பின்னுவேனா என்று பரிமளாவுக்கும் தெரியவில்லை.