மூன்றாம் எண் மைக்

சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் பெயர் ஷாஹித். குளுவாங்கில் பதினாறு வருடமாக ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். அதனால்தான் இதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அன்று என்னோடு இருந்த யோகேஸ்வரி அக்கா இன்னும் காஹாங்கில்தான் இருக்கிறார். போய்க் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார். இன்னும் சுருக்கமாக.

2023 நவம்பர். ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை 4:10.

அக்கா ஒரு வெள்ளை டபுள் கேப் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். காஹாங் பக்கம் சிறு தோட்டக்காரர்களுக்கு எண்ணெய் எடுக்கிற செம்பனை நாற்று கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். வண்டியை மாசாயில் ஒரு பழைய வண்டிக் கடையில் வாங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

"முன்னால இடது பக்கம் தட்டுது தம்பி. மூணு தட்டு. அப்புறம் நிக்கும். மறுபடி மூணு."

"பள்ளத்துல இறங்கும்போதா?"

"ரோடு நல்லா இருந்தாலும் தட்டும். சாயங்காலம் மட்டும்தான். ரெண்டு பட்டறையில காட்டிட்டேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நாளைக்கு முந்நூறு நாத்து ஏத்தணும் லா. நடுவழியில சக்கரம் கழண்டுக்கிட்டா நான் என்ன பண்றது?"

சாயங்காலம் மட்டும் என்றதும் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பகல் முழுவதும் ஓடிச் சூடான ரப்பர் புஷ் இளகித் தட்டும். அவ்வளவுதான்.

வண்டியை ஜேக் வைத்துத் தூக்கி நிறுத்திப் பார்த்தேன். பால் ஜாயின்ட், லோவர் ஆர்ம் புஷ், டிரைவ் ஷாஃப்ட், பேரிங், முன் சக்கரத்தைத் தாங்கும் எல்லாம். கடப்பாரை கொடுத்து நெம்பினேன். ஒன்றிலும் துளி ஆட்டம் இல்லை. ஒன்பது வருட வண்டி போலவே இல்லை.

நின்றால் பேசாத வண்டியை ஓடவிட்டுத்தான் கேட்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு கருவி உண்டு. நான்கு சின்ன மைக்குகள். ஒவ்வொன்றும் ஒரு கிளிப்பில், தன் சுவிட்சோடு, வயர் இல்லாமல் இருக்கும். வண்டிக்கு அடியில் நான்கு இடங்களில் மாட்டிவிட்டு, மேலே உட்கார்ந்து ஹெட்போனில் ஒவ்வொரு எண்ணாக மாற்றிக் கேட்கலாம். சத்தம் எங்கே பிறக்கிறதோ அந்த மைக்கில் பெரிதாகக் கேட்கும். மற்றதில் மங்கலாக.

ஒன்றாம் எண் இடது ஆர்ம். இரண்டு, வலது ஆர்ம். மூன்று, இடது சக்கர ஹப். நான்கு, முன் டிஃபரன்ஷியல். அவசரமாகத்தான் மாட்டினேன். மழை விட்டிருந்தது. வெளிச்சம் போவதற்குள் திரும்பிவிட நினைத்தேன்.

6:05க்குக் கிளம்பினோம். அக்கா ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில் ஹெட்போனோடு. காஹாங் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் மரங்கள். நாங்கள் போன பிறகு அந்தச் சாலையில் வேறு வண்டி எதுவும் வரவில்லை.

6:41.

டக். டக். டக்.

ஒன்றாம் எண்ணில் கேட்டேன். தெளிவாக இருந்தது. இரண்டுக்கு மாற்றினேன்.

டக். டக். டக்.

அதே அளவு. நான்காம் எண்ணிலும் அதே அளவு. அப்படி இருக்கவே முடியாது. ஒரே சத்தம் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் பிறக்காது.

மூன்றுக்கு மாற்றினேன்.

அதில்தான் மிகப் பக்கத்தில் கேட்டது. அது இரும்பில் இரும்பு படுகிற ஓசை இல்லை. யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுகிற ஓசை.

"கெடச்சிருச்சா?" என்றார் அக்கா.

"ஓரமா நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டார். எஞ்சினையும் அணைக்கச் சொன்னேன். மணி 6:47.

சக்கரம் சுற்றவில்லை. எஞ்சின் ஓடவில்லை.

டக். டக்... டக்.

ஹெட்போனைக் கழற்றினேன். மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். மீண்டும் மாட்டினேன். தட்டல் மெதுவாகியிருந்தது. இடையில் இன்னொன்று...

மூச்சு.

இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. பிறகு ஓர் ஆண் குரல். கத்தவில்லை. களைத்துப்போன குரல்.

"ஜேக்க ஏத்துங்க..."

அப்போதும் நான் பயப்படவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். தோட்டத்தில் யாராவது வாக்கி டாக்கியில் பேசியிருப்பார்கள், அலைவரிசை கலந்துவிட்டது என்று நினைத்தேன். அதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. ஹெட்போனை அக்காவிடம் கொடுத்தேன்.

"மூணாம் நம்பர்லயே இருக்கட்டும். நான் கீழ போயி மைக்கைத் தட்டுறேன். கேட்டா சொல்லுங்க."

6:52. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மண்ணில் மல்லாந்து படுத்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் நகர்ந்து உள்ளே போனேன். மழையில் ஊறிய சாலை ஓரம். ஜேக் இல்லாமல், கட்டை கொடுக்காமல், அப்படி ஒரு இடத்தில் வண்டிக்கு அடியில் படுப்பது மடத்தனம். பட்டறையில் யாராவது செய்திருந்தால் திட்டியிருப்பேன். அன்று ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கீழே யாரும் இல்லை. எதுவும் இல்லை. மைக் ஹப்பில் மாட்டிய இடத்திலேயே இருந்தது.

டார்ச்சைத் திருப்பினேன்.

மைக்கின் பச்சை விளக்கு எரியவில்லை.

சுவிட்சைப் பார்த்தேன். அணைந்திருந்தது. அவசரத்தில் பட்டறையிலேயே போட மறந்திருக்கிறேன்.

மூன்றாம் எண் மைக் கிளம்பியதிலிருந்தே வேலை செய்யவில்லை.

டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன்.

மேலேயிருந்து அக்காவின் குரல். கொஞ்சம் சலிப்பாக.

"எத்தன தடவ கேப்பீங்க தம்பி? ஜேக் எங்க இருக்குன்னு சொல்லுங்க. எடுத்துத் தர்றேன்."

"நான் ஒண்ணும் கேக்கலயே, அக்கா."

ஒரு விநாடி.

இரண்டு.

"வெளிய வாங்க." அவர் குரல் மாறியிருந்தது. "ஷாஹித். வெளிய வாங்க."

உருண்டேன்.

என் கால் வெளியே வந்ததும் சாலை ஓரம் விட்டுக்கொடுத்தது. சத்தமே இல்லை. ஈர மண் அப்படியே கீழே போனது. வண்டியின் இடது முன்பக்கம் ஒன்றரை அடி இறங்கி, அடிச்சட்டம் தரையில் உட்கார்ந்தது.

நான் படுத்திருந்த இடத்தில்.

டார்ச் அங்கேயே நசுங்கிக் கிடந்தது.

அக்கா ஓட்டுநர் கதவு வழியாகக் குதித்து வந்தார். ஹெட்போன் இன்னும் அவர் கழுத்தில் இருந்தது. இரண்டு பேரும் பெரிய ரோடுவரை நடந்தே போனோம். இருபது நிமிடம். பாதி வழியில் அக்கா சொன்னார்.

"அது உங்க குரல், தம்பி."

"எனக்கும் கேட்டுச்சே. யாரோ ஒரு ஆள்..."

"நம்ம குரல் நமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூணு மணி நேரமா உங்ககூடத்தானே பேசிக்கிட்டு இருக்கேன்."

வண்டியை வியாழக்கிழமை இழுத்து எடுத்தார்கள். அக்கா அதை வேறு யாருக்கும் விற்கவில்லை. நேராகப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துப்போகச் சொல்லி, முன் அச்சு இரண்டு துண்டாகும்வரை பக்கத்திலேயே நின்றார். நானும் போயிருந்தேன். இடது ஹப்பைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. மாசாய் கடைக்காரரிடம் வண்டி எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்டேன். ஜனவரியில் ஒரு போன் நம்பர் கொடுத்தார். கூப்பிட்டேன். மெர்சிங்கில் புஷ்பவள்ளி என்ற அம்மா. அவர் கணவர் மனோகரன் ஓட்டிய வண்டி. படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். 2021இல் வீட்டு வாசலில், அந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஜேக் சரிந்து இறந்துபோனார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. பாவம், அந்த மனிதர்தான் தட்டியிருக்கிறார். உதவி கேட்டிருக்கிறார். என்னை எச்சரித்திருக்கிறார். மனசு கொஞ்சம் லேசானது. கேட்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்டேன்.

"அவரு எதுக்கும்மா அன்னைக்கு அடியில படுத்தாரு?"

"சத்தம் வருதுன்னுதான். ஒரு வாரமா அதே பேச்சு. முன்னால மூணு தட்டு தட்டுது, நிக்குது, மறுபடி தட்டுதுன்னு."

அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"கீழருந்து யாரோ ஜேக்க ஏத்தச் சொல்றாங்கன்னும் சொன்னாரு. யாரு அதுன்னு கேட்டேன். தெரியல, யாரோ ஒரு ஆம்பளன்னாரு." குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு நாள் கேட்டுச்சுங்க. அவருகிட்ட நான் சொல்லல."

"என்னம்மா சொல்லல?"

"அது அவரு குரல்தான்னு."