சுவர்ப் பக்கம் திருப்பிய முகம்

டொலீடோ நகரத்து ரோலண்ட் பிட்னர், கார் விபத்துக்கு இழப்பீடு கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுளைத் தேய்த்தவர். ஆபீஸை மூடிவிட்டு இனி எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னபோது, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ரோலண்டுக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பக்கவாதத்தில் விழுந்த மனைவி லொரெட்டாவை இனி தானே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

சந்தோஷம் வந்த வழியிலேயே சட்டமும் வந்தது. வாடிக்கையாளர் விவரங்கள் திரையில் இருப்பதால், வேலை நேரத்தில் அந்த அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. மீறினால் வேலை போகும். வேலை போனால் மருத்துவக் காப்பீடு போகும். காப்பீடு போனால் லொரெட்டாவின் மாத்திரையும் கைகால் பயிற்சியும் போகும். அவர்கள் குடியிருந்ததோ ஒற்றை அறை. வீட்டைத்தான் ஆஸ்பத்திரி விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டதே!

அதனால் ரோலண்ட், மனைவி தன் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்று ஒரு பொய் சொன்னார். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொண்டது. வீடியோ மீட்டிங்கில் பின்புறத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறதே, அதை ஒரு தட்டுத் தட்டினால் போதும். கட்டில், மலச்சட்டி, மருந்துப் புட்டிகள் எல்லாம் கலங்கிப் போய்விடும்.

ஆனால் அந்த மங்கலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பொருளை மறைக்கும், மனித முகத்தைக் கண்டால் தேடிப் பிடித்துத் தெளிவாக்கிவிடும். முதல் வாரமே அவர் தோளுக்குப் பின்னால் லொரெட்டாவின் கோணிய வாய் பளிச்சென்று வந்து நின்றது. ரோலண்ட் சட்டென்று கேமராவைக் கையால் பொத்தினார்.

"என்ன ரோலண்ட், யாராவது வந்துட்டாங்களா?" என்றாள் மேலாளர் கெய்ட்லின். ரோலண்டுக்கு மகள் வயசு இருக்கும்.

"பூனைங்க. மேல ஏறப் பாத்துது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மறுநாளிலிருந்து மீட்டிங் தொடங்குமுன் லொரெட்டாவைப் புரட்டிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார். தானாகத் திரும்பிக்கொள்ள அவளால் ஆகாது.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் பின்சீட்டு வானரங்கள் எல்லாம் கப்சிப். ரோலண்ட் காரைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம், "யோவ், பின்னாடி பாரு! முதுகுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாதவனுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?" என்று கத்துவாள். பக்கவாதம் அவள் பேச்சு மொத்தத்தையும் வாரிக்கொண்டு ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்தது. தண்ணீருக்கும் பாரு, வலிக்கும் பாரு, கோபத்துக்கும் பாரு.

அந்த வருஷம் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்ய டைரக்டரே மீட்டிங்குக்கு வருவதாக இருந்தது. அன்று காலை ரோலண்டுக்கு நேரமாகிவிட்டது. லொரெட்டாவின் வாயில் ஓட்ஸ் கஞ்சியை அள்ளி அள்ளித் திணித்தார். கடைசிக் கரண்டி வாயில் இருக்கும்போதே அவளைப் புரட்டினார்.

"முழுங்கிட்டியா?"

"பாரு... பாரு..."

"சரி சரி, முடிச்சிட்டு வந்து பாக்குறேன்."

காதில் ஹெட்போனை மாட்டினார். வெளிச்சத்தம் ஒரு துளிகூட உள்ளே வராத நல்ல ஹெட்போன்.

அவர் தன் வருஷ வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, திரையில் அவருக்குப் பின்னாலிருந்த மங்கல் ஆடியது. டைரக்டர் முகத்தைச் சுளித்தார்.

"பின்னாடி என்னமோ அசையுதே?"

"ஃபேன் காத்துல கர்ட்டன் ஆடுதுங்க."

"பொணத்தை ஒளிச்சு வச்சிருக்காரு சார், அது எந்திரிக்கப் பாக்குது!" என்றான் கூட வேலை பார்க்கும் டேரன். அவன் எப்போதும் அப்படித்தான்.

"ஆமாடா, உனக்கும் பக்கத்துல இடம் போட்டு வச்சிருக்கேன்" என்றார் ரோலண்ட். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் உற்றுப் பார்ப்பார்கள் என்று பயம். மங்கல் இன்னும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது. நின்றதும் அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அதற்கப்புறம் தடங்கலில்லாமல் பேசினார். டைரக்டர் பாராட்டினார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "லொரெட்டா, வேலை தப்பிச்சிடுச்சு!" என்று அவள் முதுகிடம் சொன்னார். பிறகு அவளைத் திருப்பினார். வாயிலிருந்த கஞ்சி புரையேறிச் சுவரெல்லாம் தெறித்திருந்தது.

அப்போதே திரும்பியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்களா? பிழைத்திருப்பாள். ஆம்புலன்ஸில் வந்த பெண் அவரிடம் அதை மறைக்கவில்லை.

லீவு முடிந்து அவர் மீட்டிங்குக்கு வந்த அன்று கெய்ட்லின் கண் கலங்கினாள். நல்ல பெண்தான்.

"தங்கச்சி வீட்டுலதானே இருந்தாங்க? கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இல்லாம போயிட்டீங்களே ரோலண்ட்."

"ஆமா. இல்லாம போயிட்டேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? மங்கலை எடுத்துவிட்டார். வாடகைக் கட்டில் போய்விட்டது. சுவரைத் தேய்த்துக் கழுவியிருந்தார். ஜன்னல் வெயில் அதில் நேராக விழுந்தது.

"ஏங்க," என்றான் டேரன், "இவ்ளோ சுத்தமான ரூமையா இத்தனை நாளா எங்ககிட்டருந்து மறைச்சு வச்சிருந்தீங்க? பின்னாடி ஒண்ணுமே இல்லையே!"

ரோலண்ட் அப்போது திரும்பிப் பார்த்தார். கெய்ட்லின் பெயர் சொல்லி அழைத்தும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.