எச்சிலுக்கு இங்கிலீஷில் என்ன?

இன்று கிள்ளான் கோர்ட்டில், மொழிபெயர்க்கும் எனக்கே வியர்த்துவிட்டது.

ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நீட்டிய தண்ணீரை, அங்கே கூலி வேலை செய்யும் மாரியம்மா அவர் மேலேயே ஊற்றிவிட்டாளாம்.

ஏன் என்று கேட்டார் மாஜிஸ்திரேட் துரை.

“அவரு வாய் வச்சுக் குடிச்ச எச்சித் தண்ணிங்க. எல்லாரும் பாக்க, குடிடின்னாரு.”

எச்சிலை ‘உமிழ்நீர்’ என்று இங்கிலீஷில் சொன்னேன்.

“அதில் துப்பினாரா?”

“இல்லை.”

“பிறகென்ன? ஒரு மாதம் சிறை” என்று பேனாவை எடுத்தார்.

நான் பாதி குடித்திருந்த தம்ளரை அவர் முன் நகர்த்தினேன். “குடியுங்கள் துரை.”

முகம் சுளித்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“அதுதான் எச்சில்.”

துரை பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

மாரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு நாளை வேலை இருக்குமா, தெரியவில்லை.

இந்த எச்சிலுக்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருந்தால் உடனே சொல்லுங்கள். தம்ளரை இன்னொரு முறை நகர்த்த எனக்குத் தைரியமில்லை.