கண்ணீரைத் துடைக்கும் கை

"என் தாய் அன்பின் இருப்பிடம்! என் கண்ணீரைத் துடைக்கும் கை அவர் கை!"

முன்னறையில் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பது சமையலறை வரை கேட்டது. அடுப்பருகே நின்ற மகள் சிரித்தாள்.

"இன்னும் அதே கட்டுரைதானாம்மா?"

"மார்க் வாங்குற கட்டுரைடி. எதுக்கு மாத்தணும்?"

தெருவே அம்மாவைக் கட்டுரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கணவன் கைவிட்டுப் போனபின் டியூஷன் எடுத்தே மகளை ஆளாக்கியவள். எந்தத் தலைப்புக்கும் அவளிடம் கட்டுரை தயார். பிள்ளைகள் நெட்டுருப் போட்டால் போதும். சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் சிவப்பு மை பாயும்.

மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். துப்பட்டா விலகியபோது கழுத்தில் விரல் பதிந்த கன்றல் தெரிந்தது.

"என்னடி இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"கதவுக்கு விரல் இருக்கா? மாப்பிள்ளை கை வச்சாரா? சொல்லுடி தங்கம்!"

"அவர் ரொம்ப நல்லவர்மா. என்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறார். எனக்கு ஒரு குறையும் இல்ல."

தங்குதடையின்றி வந்தது. முன்னறையில் பிள்ளைகள் ஒப்பிக்கும் அதே ராகம்!

மூன்றாம் வகுப்பில் 'என் தாய்' என்ற தலைப்பில் இந்த மகள் சொந்தமாக எழுதியிருந்தாள்: 'நான் அழுதால் அம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் குளியலறையில் அழுவேன்.' வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வாயா என்று அந்தத் தாளைக் கிழித்தெறிந்து, கண்ணீரைத் துடைக்கும் கையை எழுத வைத்தவள் டீச்சர்தான். அன்று மகளுக்கு முழு மதிப்பெண்.

"மனசுல இருக்கறத அப்படியே சொல்லுடி!"

"சொல்லத்தான்மா வந்தேன். வழியெல்லாம் யோசிச்சேன், எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல." மகள் மறுபடி சிரித்தாள். "சொன்னாலும் நீங்க கிழிச்சுடுவீங்களே!"

அவளது போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "அவர் தேடறார். கிளம்பறேன்."

"போகாதடி, இங்கேயே இரு!" மகளின் கண் நிறைந்தது; துடைக்கக் கை நீட்டினாள் தாய். மகள் அதற்குள் தானே துடைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குப் பழக்கம் அதிகம்.

ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் நடுவே, யார் காலையும் மிதிக்காமல் நடந்தாள்.

"டீச்சர், அடுத்த வரி மறந்துபோச்சு!" என்றது ஒரு குழந்தை.

மகள் வெளியே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.