பாப்பாவின் பத்துச் சொற்கள்

கட்டுகஸ்தோட்டையில் அக்கா வாடகைக்கு இருக்கும் வீடு, மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு கொங்கிரீட் பாதையின் முடிவில் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு மேலாக அந்தப் பாதையில் நான் என் ஆட்டோவை எஞ்சின் போட்டு இறக்காமலே இருந்தேன். மேலேயே நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி உருட்டிக்கொண்டு போவேன். பக்கத்து வீட்டு அங்கிள் ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பெட்ரோல் மிச்சம் புடிக்கிறியா?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள், வண்டி தூங்குது. எழுப்பினா அழும்."

அவர் சிரித்தார். உண்மையான காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடங்கள் பிள்ளை இல்லை. கடைசியில் கண்டியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைக்கும் வைத்தியம் செய்தார்கள். இது அக்காவுக்கும் மச்சானுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் தோட்டம் முழுக்க "ஊசி போட்டுச் செஞ்ச புள்ள" என்று பேர் வைத்துவிடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் மேல் வைத்த நம்பிக்கை அல்ல, என் ஆட்டோதான். ஊசி மருந்தைச் சூடு ஏறாமல் கொண்டுவர வேண்டும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து நான்தான் கொண்டுவருவேன். ஆட்டோ ஸ்டாண்டில் பையன்கள் கேட்டால் ஐஸ் பழம் விற்கப் போகிறேன் என்பேன்.

முதல் இரண்டு தடவை தங்கவில்லை. மூன்றாவது தடவை கருவை வைத்த அன்று மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் அழைத்து வந்தேன். அக்கா பின்சீட்டில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டேய், குலுங்கினா விழுந்துருமாடா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் ஆகாதுன்னாரு. ஆனாலும் நீ மெதுவா போ."

மெதுவாகப் போனேன். எனக்குப் பின்னால் மூன்று பஸ், ஒரு கோழி லொறி, ஒரு கல்யாணக் கார். எல்லாம் ஹோர்ன் அடித்தன. பஸ் கண்டக்டர் ஒருவர் முந்திப் போகும்போது தலையை நீட்டிச் சிங்களத்தில் என் பரம்பரையையே விசாரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வீட்டுப் பாதை வந்ததும், "எஞ்சினை நிப்பாட்டு. சத்தம் வேணாம்," என்றாள். அன்று முதன்முதலாக உருட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்தக் கரு தங்கியது. அக்கா மாதக்கணக்கில் படுத்தே கிடந்தாள். ரேடியோ நின்றது, டீவி நின்றது, வாசல் பெல்லுக்குள் பஞ்சு வைத்து அடைத்தாள். பாப்பா பிறந்தாள், நல்ல எடை, நல்ல நிறம், அழுகை மட்டும் மச்சான் மாதிரி அடக்கம். பிறந்த பிறகாவது ரேடியோ திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. பிள்ளைக்கு நாலு மாதம் ஆனபோது மச்சான் கட்டாருக்கு ஒரு ஹோட்டல் கிச்சன் வேலைக்குப் போனார். அவர் எடுக்கும் ஃபோன் கோலைக்கூட அக்கா சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்பாள். அதே வீட்டில் முன்னறையில் நான் தங்கியிருந்தேன். ஒரு நாளில் நூறு பேரோடு வாய் அடிக்கிறவன், வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஊமை ஆகிவிடுவேன்.

பாப்பா கையை நீட்டுவதற்கு முன்னமே பால் போத்தல் வந்துவிடும். அழுவதற்கு முன்னமே தூக்கிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து அடித்தால் ஜன்னலைச் சாத்துவாள். எட்டு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை, அதற்கு ஒரு குறையும் வரக்கூடாது. பாப்பா நேரத்துக்குத் தவழ்ந்தாள், நேரத்துக்கு நடந்தாள். பேச்சு மட்டும் இல்லை. ஒன்றரை வயதாகியும் அம்மா என்றுகூட வரவில்லை.

அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஃபோனை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள் ஒருநாள். நான் எட்டிப் பார்த்தேன், எட்டிப் பார்ப்பது என் சுபாவம். ஆஸ்பத்திரியில் உண்டான பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி குறையுமா என்று தேடியிருந்தாள். ஒரே கேள்வியை வெவ்வேறு மாதிரி எழுதித் திரும்பத் திரும்பத் தேடியிருந்தாள். நான் ஃபோனை இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்று யாரையும் சிரிக்க வைக்க எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

மாதத்தில் ஒருநாள் கிளினிக். பிள்ளையை நிறுத்துப் பார்த்து, வளர்ச்சிப் புத்தகத்தில் கோடு போடுவார்கள். எந்த வயதில் என்ன செய்கிறது என்று தாய் அடையாளம் போட வேண்டிய பக்கமும் அதில் உண்டு. மிட்வைஃப் மிஸ்ஸி நம் ஆள்தான், தமிழ் பேசுகிறவர். புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன சொல்லும்மா பேசுது?"

"ஒரு பத்துச் சொல்லு பேசும் மிஸ்ஸி," என்றாள் அக்கா. கண் இமைக்கவில்லை. மிஸ்ஸி புத்தகத்தில் பத்து என்று எழுதினார்.

நான் பின்னால் பாப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாகப் பொத்திய வாய் அது.

"பத்தா? அதுல ஒண்ணையாச்சும் எனக்குச் சொல்லிக் காட்டச் சொல்லுக்கா. நான் ஊட்டுல இல்லாத நேரம் பாத்துத்தான் பேசுது போல."

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. பாப்பாவை மடியில் வைத்து, பொம்மையைக் காட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், கையைத் தட்டினார். பாப்பா அவரை மிகவும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மிஸ்ஸி அந்தப் பத்தைக் கோடிட்டு வெட்டிவிட்டு, பேராதனை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்தோம். பாதையின் மேலே நான் எஞ்சினை நிறுத்தினேன். உருண்டு இறங்கி வாசலில் நின்றதும்தான் சொன்னாள்.

"ஊரு சிரிக்கணும்னுதானே சொன்ன? சிரிச்சிட்டாங்க. இனிமே இங்க வராத."

"அக்கா, நான் பகிடிக்கு..."

"உனக்கு எல்லாமே பகிடிதான்."

ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை பார்த்துக்கொண்டேன். கட்டில் ஒன்று, உட்காரக் கதிரை ஒன்று, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கடையின் சுவர். பகலெல்லாம் சனங்களை ஏற்றி இறக்கி, பேசி, சிரிக்க வைத்துவிட்டு அறைக்கு வந்தால், ரேடியோவை எவ்வளவு சத்தமாகவும் வைக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் நானே நிறுத்திவிட்டேன். ஏழு வாரம் அக்காவிடமிருந்து ஒரு கோல் இல்லை.

பிறகு ஒரு மெசேஜ் வந்தது. பேராதனைக்கு வர வேண்டும், டாக்டர் சிங்களத்தில் பேசுவாராம். அக்காவுக்குச் சிங்களம் கடைச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். எனக்கு, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டாலும், ஸ்டாண்டில் படித்த சிங்களம் நன்றாகவே ஓடும்.

முதலில் காது சோதித்தார்கள். காது நல்ல காது. பிறகு டாக்டர், வயதான அம்மா ஒருவர், எங்களை உட்கார வைத்தார். அக்கா சுவரைப் பார்த்துப் பேச, நான் டாக்டரைப் பார்த்துச் சொல்ல, பாப்பா தரையில் ஒரு மரக்கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கர்ப்பத்தில் ஏதாவது விசேஷமாக நடந்ததா என்று கேள் மல்லி," என்றார் டாக்டர். தம்பி என்பதற்கு அவர்கள் மல்லி என்பார்கள்.

கேட்டேன்.  அக்கா சுவரைப் பார்த்தபடியே, "ஆஸ்பத்திரியில வச்ச புள்ளன்னு சொல்லு. அதனாலதான் பேச மாட்டேங்குதான்னு கேளு," என்றாள்.

அந்த வைத்தியத்துக்குச் சிங்களத்தில் என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. ஸ்டாண்டில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. கையை வைத்து ஜாடை காட்டி, வெளியே செய்து உள்ளே வைத்தது என்றேன். டாக்டருக்குப் புரிந்தது. அப்படிப் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவேதான் வளர்கின்றன, இந்தப் பிள்ளை பேசாததற்கு அதைக் காரணமாகப் பார்க்கவில்லை என்றார். நான் சொன்னேன். அக்கா அப்போதுதான் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

அடுத்ததாக டாக்டர் கேட்டார். "வீட்டில் இந்தப் பிள்ளையோடு யார் பேசுகிறார்கள்?"

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கேள்வியை மாற்றிக் கேட்கலாம், பதிலையும் நானே செய்துகொள்ளலாம். ஒரு சொல் கூடக்குறையச் சொன்னாலும் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் போன தடவை நான் வாயைத் திறந்த விதம் நினைவுக்கு வந்தது. கேட்டபடியே கேட்டேன்.

"ஊட்டுல பாப்பாவோட யாரு பேசுறதுன்னு கேக்குறாங்கக்கா."

அக்கா பாப்பாவைப் பார்த்தாள். மரக்கட்டை மேசைக் காலில் முட்டி நின்றிருந்தது.

"யாரும் இல்லன்னு சொல்லு," என்றாள்.

சிங்களத்தில் அது சின்ன வசனம்தான். இந்தத் தடவை டாக்டரைப் பார்க்காமல் மரக்கட்டையைப் பார்த்துச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. பேசிக்கொண்டே சமையுங்கள், பேசிக்கொண்டே குளிப்பாட்டுங்கள், பிள்ளை கேட்கும் வரைக்கும் போத்தலைக் கொடுக்காதீர்கள், மற்றப் பிள்ளைகளோடு விடுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். அதோடு, வீட்டில் நன்றாக வாய் அடிக்கிற ஆள் யாராவது இருந்தால் நல்லது என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. சொந்தக் கடைக்கு விளம்பரம் செய்வது போல் இருந்தது. ஆனால் அக்காவுக்கு அந்த அளவு சிங்களம் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பினோம். பாதையின் மேலே வந்ததும் பழக்கத்தில் எஞ்சினை நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டுற?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "போட்டுட்டே போ."

போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்தக் கொங்கிரீட் பாதையில் என் சைலன்சர் போடும் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது. மதிலுக்கு மேலால் அங்கிள், "வண்டி முழிச்சிருச்சா?" என்றார். அக்கா சிரித்ததாக எனக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது தினமும் பின்னேரம் நாலு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். வாசலில் நிற்கும் ஆட்டோவில் பாப்பாவை மடியில் வைத்து ஹாண்டிலைப் பிடிக்க விட்டு, பஸ்ஸைத் திட்டுவேன், பொலிஸைத் திட்டுவேன், அவளையே திட்டுவேன். ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. ஆறாவது வாரம் ஒருநாள் நான் மேலே திரும்பும்போதே, கீழே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "டுர்ர்," என்றாளாம். அக்கா ஓடி வந்து சொன்னாள். அவள் ஓடி நான் பார்த்து எத்தனையோ வருடம்.

கிளினிக்கில் இதற்கு வழக்கே நடந்தது.

"டுர்ரெல்லாம் ஒரு சொல்லா தம்பி?" என்றார் மிஸ்ஸி.

"வேற வண்டிக்குச் சொல்ல மாட்டா மிஸ்ஸி. லொறி போனாலும் சொல்ல மாட்டா. இதுக்கு மட்டுந்தான்."

மிஸ்ஸி யோசித்தார். "ஒண்ணுக்கு மட்டும்னு தெரிஞ்சு சொன்னா, அது சொல்லுதான்." வெட்டிய பத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று அக்காவே எழுதினாள்.

அந்த ஒன்று எனக்கா வண்டிக்கா என்று யாரும் கேட்கவில்லை. வண்டிக்குத்தான். நான் நடந்து போன ஒருநாள் பாப்பா என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

திரும்பி வந்து இரு என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு மணிக்குப் புறப்படுகிறேன். ஸ்டாண்டுக்குப் பின்னால் திரும்பும் இடத்தில் இன்னும் கை தானாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுகிறது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு என் அறை வாசலில் நிற்கிறது. அங்கே யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.