கல்யாண மேடையில் அண்ணன்

என் அண்ணனுக்குப் பாட வராது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். மேலே போனால் குரல் பிசிறும். தபால் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கடலூரில் நாலு நண்பர்களோடு கீபோர்டும் தபேலாவுமாக உட்கார்ந்துவிடுவார். தெரிந்த வீட்டுக் கல்யாணம் என்றால் கூப்பிட்ட மரியாதைக்கு வந்து பாடிவிட்டுப் போகிற கோஷ்டி அது. நாங்கள் தலையில் அடித்துக்கொண்டு கேட்போம்.

மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தது அண்ணன் வீட்டில்தான். நான் சிதம்பரத்தில். நடுவே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். பையனுக்குப் பரீட்சை, எனக்கு ஆடிட், கார் சர்வீஸில் இருக்கிறது என்று சாக்குப்போக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை போனபோது அம்மா ஐஸ் பெட்டியில் இருந்தார். "மாலையோட வந்துட்டியா?" என்றார் அண்ணன், அத்தனை பேர் முன்னாலும். அதை நான் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

போன தை மாதம் சிதம்பரத்தில் மாமா மகளுக்கு ரிசப்ஷன். மேடையில் அதே கோஷ்டி. வேண்டுமென்றே கடைசி வரிசையில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு பழைய சினிமாத் தாலாட்டை ஆரம்பித்தார். கல்யாணத்தில் எவனாவது தாலாட்டுப் பாடுவானா என்று எரிச்சல்தான் வந்தது. கீபோர்டுகாரர் ஓரிடத்தில் சுதியைத் தேடினார். இரண்டாவது சரணத்தில் குரல் வழக்கம்போலப் பிசிறியது. அண்ணன் நிறுத்தவில்லை, பிசிறோடே மேலே போனார். பந்திக்கு முந்திக்கொண்டு நின்ற கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கவில்லை. மூக்கு ஒழுக, கர்ச்சீப் தேடி, அசிங்கமாக அழுதேன். அம்மா செத்தன்றுகூட அப்படி அழுததில்லை. எத்தனையோ தேர்ந்த குரல்களைப் போனில் கேட்டுக்கொண்டே இட்லி தின்றவன், சுதி தப்பிய ஒரு குரலுக்கு உடைந்துபோனேன். அழுததில் ஒரு சுகமும் இருந்தது. எல்லாம் கரைந்துவிட்டது என்று நம்பினேன்.

பாட்டு முடிந்து மேடைக்குப் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"அண்ணே, நல்லா இருந்துச்சிண்ணே."

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மாவுக்கு டெய்லி சாயங்காலம் இதத்தான் பாடுவேன்."

"அவ்ளோ புடிக்குமா அதுக்கு?"

"புடிக்கும்னு இல்லடா. ரோட்டுல பஸ்ஸு ஹாரன் கேட்டா போதும், சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னு ஆரம்பிச்சிடும். பதில் சொல்லி மாளாது. அந்தப் பேச்ச நிறுத்தத்தான் பாடுவேன்."

பாட்டிலை மூடினார். "சாப்ட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்கு மேடை ஏறினார்.

கை கழுவுமிடத்துக்குப் போய், சற்று முன் சுகமாக அழுத முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். என் கண்ணீர் எனக்கே அருவருப்பாக இருந்தது. பாட்டைக் கேட்டு அம்மா என்னை மறந்தாரா என்று அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.