கத்தியின் சத்தம்

கேகாலை பஸ் ஸ்டாண்டில் இரத்தினபுரி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண் ஒருவர் போனில் ஐஸ் ஸ்கேட்டிங் போட்டி பார்க்கிறார். திரையில் ஒருத்தி சுழன்று தாவி இறங்க, "அருமை" என்கிறேன்.

"தாவுறத எல்லாரும் பாப்பாங்க. நீங்க கால பாருங்க. முழங்கால மடக்கி, சாஞ்சுக்கிட்டே வேகம் எடுக்குறா. தள்ளுறதே தெரியல. அதுதான் திறமை."

"எப்படித் தெரியும்?"

"கமெண்ட்ரி தமிழ் எழுத்துல வருதுங்க. ரசிகருங்க எழுதுறதையும் படிப்பேன். நல்லா ஆடுறவங்க ஷூவுக்கு அடியில இருக்குற கத்தி ஐஸ்ல கரகரன்னு உரசாதாம், மெல்லிசா ஒரு சத்தந்தானாம். இதுல பாட்டுதான் கேக்குது. ஒரு தடவ பக்கத்துல உக்காந்து கேக்கணும்."

பஸ் வருகிறது. ஜன்னல் வழியே திரும்பிப் பார்க்கிறேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடியிருக்கிறார்.